கோயிற் குளத்து ஆமையும் மாணிக்கக் குழி ஆமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



விழா மேடையில் ஆமையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தபோது சில முகங்களில் புன்னகை அரும்பியதைக் கவனித்தோம். நியாயந்தான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. அதே சமூகம் திருமாலின் பத்து அவதாரங்களுள் ஒன்றாகக் கூர்மத்தை வைத்துக் கும்பிடவும் செய்கிறது. ஐம்பொறிகளை அடக்கும் வித்தைக்கு வள்ளுவர் தேடி எடுத்த உவமையும் ஆமையே. ஆக, வீட்டுக்குள் வரக் கூடாது, கோயிலுக்குள் வரலாம் என்பது நம்மவர் தீர்ப்பு. ஆனால் ஆற்றிலே அது எப்படிப் பிழைக்கிறது, எங்கே முட்டையிடுகிறது, எத்தனை ஆண்டில் தாயாகிறது என்று பார்த்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

உலகில் இன்று ஏறக்குறைய 360 ஆமையினங்கள் உண்டு. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை அழிந்துபோகும் அபாயத்தில் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். யானைக்கும் புலிக்கும் அழுகிறவர்கள் உண்டு. சேற்றுக்குள் கிடக்கும் ஆமைக்கு அழ ஆளில்லை. இறைச்சிக்காகவும், மருந்தென்ற நம்பிக்கையாலும், வீட்டில் வளர்க்கும் ஆசையாலும் அது பிடிக்கப்படுகிறது. மீன் வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகிறது. முட்டையிடும் மணற்கரையை மணல் அள்ளுகிறவன் லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறான். கடலாமைக்காவது உல்லாசப் பிரயாணிகளின் அனுதாபம் கிடைக்கிறது. ஆற்றாமைக்கு அதுவும் இல்லை.

இவ்விடத்தில் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். பிராணிகளிடத்துக் கருணை வேண்டும் என்று சொன்னால் போதாதா, இதற்கு ஆராய்ச்சி எதற்கு, பரிசோதனைச்சாலை எதற்கு என்று. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். கருணை வேண்டும். ஆனால் கருணை மட்டும் உள்ள இடத்தில் என்ன நடக்கிறது, கருணையோடு கணக்கும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதைச் சில உண்மைச் சம்பவங்களால் காட்ட விரும்புகிறோம்.

அஸாம் மாநிலத்திலே குவாஹாட்டி நகருக்கு அருகில், பிரம்மபுத்திரா நதியின் வடகரையில், ஹாஜோ என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே மணிகூட மலையின் மேல் ஹயக்கிரீவ மாதவர் கோயில். இப்போதுள்ள கட்டடத்தை 1583ஆம் ஆண்டில் கோச் வமிசத்து அரசர் ரகுதேவ நாராயணன் எடுப்பித்தார். இந்துக்கள் மட்டுமன்றிப் பௌத்தர்களும் வந்து வணங்கும் ஸ்தலம் அது. மலையடியில் உள்ள திருக்குளத்தில் ஆமைகள் வாழ்கின்றன. பக்தர்கள் அவற்றைக் கூர்மாவதாரத்தின் உருவமாக எண்ணிப் பொரியும் ரொட்டியும் போடுவார்கள். யாரும் அவற்றைத் தொட்டுத் துன்புறுத்துவதில்லை.

இந்தக் கதையின் மற்றொரு பாதி, இன்று வங்காளதேசத்தில் இருக்கும் சிட்டகாங் நகரில் நடக்கிறது. அங்கே பாயஸித் பொஸ்தாமி என்னும் முஸ்லிம் பெரியாரின் நினைவுத் தலத்துக் குளத்திலும் நூற்றுக்கணக்கில் ஆமைகள். தீய ஆவிகளைப் பெரியார் ஆமைகளாக்கிவிட்டார் என்பது அங்குள்ளோர் சொல்லும் கதை. அதனால் அங்கும் அவற்றை எவரும் கொல்லுவதில்லை. கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த ஜோன் அண்டர்சன் என்பவர் 1875இல் அந்தக் குளத்து ஆமையைப் பார்த்து, இது தனியினம் என்று பெயர் சூட்டினார். கருநிறமான மென்னோட்டு ஆமை அது. ஓடு கல்லைப்போல் இராமல் தோலால் மூடப்பட்டிருக்கும்.

அதற்குப் பின் நூறு வருஷங்களுக்கு மேலாக அந்த இனம் உலகில் அந்த ஒரு குளத்தைத் தவிர வேறெங்கும் இல்லை என்றே புத்தகங்கள் எழுதிவந்தன. 2002ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைக் காட்டிலே அற்றுப்போன இனம் என்று பட்டியலிட்டது. இயற்கையான ஆற்றில் ஒன்றுகூட இல்லை, தர்மக் குளத்தில் மட்டும் மிச்சம் என்பது அதன் பொருள்.

ஆனால் ஹாஜோவில் அதே ஆமை பக்தர்களிடம் பொரி வாங்கித் தின்றுகொண்டிருந்தது! அதை இன்னது என்று அடையாளங்காண ஒருவரும் இல்லாததே குறை. ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த பீட்டர் பிராஷாக் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் அஸாமுக்கு வந்து பார்த்து, பின்னர் ஆமைகளின் மரபணுவை ஆராய்ந்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிட்டகாங் குளத்து ஆமையும் அஸாமில் உள்ள இந்த ஆமையும் ஒரே இனம். பிரம்மபுத்திராவில் அது இயற்கையாகவே வாழ்கிறது என்பது நிரூபணமாயிற்று. மரபணு என்றால் என்ன என்று மூத்தோர் கேட்கக் கூடும். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் முகச் சாயல் ஒத்திருப்பதுபோல, உடம்பின் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் வமிசத்தின் சாயல் எழுதப்பட்டிருக்கிறது. துளி இரத்தம் போதும். அந்த எழுத்தைப் படித்து உறவு சொல்லிவிடலாம். ஓட்டின் நிறமும் வடிவமும் வயதுக்கு வயது மாறி ஏமாற்றும். இது ஏமாற்றாது.

அறிந்த பிறகுதான் செய்ய வேண்டியது தெரிந்தது. பல கோயில்களில் பக்தர்களின் வசதிக்காகக் குளத்தங்கரை முழுவதையும் சிமெந்து பூசி அழகுபடுத்தியிருந்தார்கள். ஆமையோ மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். கரையில் மண் இல்லையென்றால் அது எங்கே போகும்? பூஜித்துக்கொண்டே அதன் வமிசத்தை அடைத்துவிட்ட கதை இது. பொரியும் ரொட்டியும் அதற்குரிய ஆகாரமும் அல்ல. ஹாஜோவில் கோயில் நிர்வாகமும் அஸாமின் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டர்களும் ஒன்றுகூடி முட்டைகளைப் பத்திரமாக எடுத்து, பொரிப்புப் பெட்டியில் வைத்து, குஞ்சுகளை வளர்க்கத் தொடங்கினார்கள். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அப்படிப் பிறந்த குஞ்சுகள், காண்டாமிருகத்துக்குப் பேர்போன பொபிதொரா சரணாலயத்து நீர்நிலையில் விடப்பட்டன. காட்டிலே அற்றுப்போனது என்ற முத்திரையும் பின்னர் மாற்றப்பட்டது. ஆபத்து நீங்கிவிடவில்லை. மிகக் கடுமையான ஆபத்தில் உள்ள இனம் என்ற பட்டியலில்தான் இன்றும் இருக்கிறது. ஆயினும் அற்றுப்போனதற்கும் ஆபத்தில் இருப்பதற்கும் உள்ள தூரம் சிறியதா?

பக்தி இல்லாவிட்டால் அந்த ஆமை அந்தக் குளங்களில் இந்நாள்வரை பிழைத்திராது. இதை நாம் பெருமையோடு சொல்லலாம். ஆராய்ச்சி இல்லாவிட்டால், பிழைத்திருக்கிறது என்பதே தெரியாமல் சிமெந்துக் கரைக்குள் முடிந்து போயிருக்கும். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காசியிலே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டம் 1986இல் தொடங்கியபோது, அரைகுறையாய் எரிந்து ஆற்றில் விடப்படும் சடலங்களைத் தின்று தீர்க்கட்டும் என்று மென்னோட்டு ஆமைகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து விட்டார்கள். காசியருகே ஏழு கிலோமீற்றர் நீளத்துக்கு ஆமைச் சரணாலயமும் அமைந்தது. விட்ட ஆமைகள் எங்கே போயின, எத்தனை பிழைத்தன என்பதற்குத் தக்க கணக்கு வைக்கப்படவில்லை. சரணாலயமே பின்னர் நீக்கப்பட்டுவிட்டது. வங்காளத்துச் சுந்தரவனத்திலோ வேறு விதமாகச் செய்தார்கள். வட ஆற்று முகத்துவார ஆமை என்னும் மிக அரிய இனத்தில் ஒரு சில, சஜ்னேகாளி என்ற இடத்துக் குளமொன்றில் மிஞ்சியிருப்பது 2008இல் தெரிந்தது. அவற்றை இனப்பெருக்கம் செய்வித்து, 2022 ஜனவரியில் பத்து ஆமைகளை ஆற்றில் விட்டபோது, ஒவ்வொன்றின் முதுகிலும் இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவியைப் பொருத்தினார்கள். சில வாரங்களுக்குள் சில எல்லை தாண்டி வங்காளதேசத்து ஆறுகளுக்குப் போய்விட்டன. இரு நாட்டு மீனவரிடமும் பேசியாக வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. ஆமைக்குக் கடவுச்சீட்டு கிடையாது அல்லவா?

இனி முட்டையின் விஷயத்துக்கு வருவோம். நம்மைப் பொறுத்தவரை இந்த விஞ்ஞானம் முழுவதிலும் அதிசயமான பகுதி இதுதான். மனிதரில் ஆணோ பெண்ணோ என்பது கருவுற்ற கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பெரும்பாலான ஆமைகளில் அப்படியன்று. முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூடுதான் தீர்ப்பு வழங்குகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் பியோ என்பவர் இதை 1971இல் ஆமைகளில் எடுத்துக்காட்டினார். பல இனங்களில் மண் குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள். சூடாயிருந்தால் பெண் குஞ்சுகள். ஓரிரண்டு டிகிரி வித்தியாசத்திலேயே கூட்டமெல்லாம் ஒரே பாலாய்ப் போய்விடக் கூடும்.

இது தெரியாத காலத்தில் நல்லெண்ணம் படைத்த பலர் கடலாமை முட்டைகளைக் கரையிலிருந்து தோண்டி எடுத்து, நாய் நரி தின்னாமல் நிழலிலே பெட்டிகளில் வைத்துப் பொரிக்கச் செய்தார்கள். பெட்டிக்குள் இருந்த சூடு கடற்கரை மணலின் சூட்டைவிடக் குறைவு. இதனால் ஆண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கின்றன என்பதை 1982இல் நிக்கலஸ் மிரசோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் எச்சரித்தார். எண்ணிப் பாருங்கள். அன்பும் உழைப்பும் செலவும் எல்லாம் இருந்தன. ஒரு வெப்பமானி மட்டும் இல்லை. அந்த ஒரு குறையால், வருங்காலத் தாய்மாரே இல்லாத ஒரு சந்ததியை உண்டாக்கிக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா ஆமைக்கும் இந்த விதி உண்டா என்றால் இல்லை. மென்னோட்டு ஆமைகளில் ஆராயப்பட்டவை சூட்டுக்குக் கட்டுப்படாமல், நம்மைப்போல் பிறப்பிலேயே பால் தீர்மானிக்கப்படுபவை. ஆகவே ஹாஜோ ஆமைக்குப் பொருந்தும் முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது. நம் ஊர்க் கறுப்பாமையோ சூட்டால் பால் மாறும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஓடைக் கரையில் நிற்கும் மரங்களை வெட்டி வெளியாக்கினால் மண் சூடேறும்; அந்த மண்ணில் பொரிக்கும் குஞ்சுகளின் கணக்கும் மாறும். மரம் வெட்டுகிறவன் ஆமையைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டான்.

பால் ஆமையிடம் வேறோர் அதிசயம். அதன் முட்டை கோழி முட்டைபோல மூன்று வாரத்தில் பொரிக்காது. பல மாதங்கள் செல்லும். முட்டைக்குள்ளேயே கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, தக்க பருவம் வரும்வரை காத்திருக்கும். கெட்டுப்போனது என்று எறிந்துவிட்ட முட்டைகளுக்குள் எத்தனை உயிர்கள் இருந்தனவோ!

குஞ்சு பொரிக்கச் செய்வது இருக்கட்டும். தாய் ஆமையைக் காப்பது அதனினும் பெரிது என்று காட்டிய ஆராய்ச்சியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு காப்புக் காட்டில் 1953இல் ஆமைகளுக்கு அடையாளமிட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். ஓட்டின் ஓரத்துத் தகடுகளில் சிறு அரத்தால் வெட்டுக் குறி இடுவது வழக்கம். எந்தத் தகட்டில் குறி இருக்கிறது என்பதைக் கொண்டு ஒவ்வோர் ஆமைக்கும் ஓர் எண் கிடைக்கும். கேகில் என்பவர் 1939இல் வகுத்த முறை இது. ஓடு உள்ள காலமெல்லாம் எண் அழியாது. ஜஸ்டின் கொங்டன் என்பவர் 1975 முதல் அந்தக் கணக்கைத் தொடர்ந்தார். ஆசிரியர் ஓய்வு பெற்றாலும் மாணவர் தொடர, ஆமை மட்டும் அதே குட்டைக்கு வந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சி!

அவர்கள் கண்டதென்ன? பிளாண்டிங் ஆமை என்னும் இனத்தில் பெண் ஆமை தாயாவதற்குப் பதினான்கு முதல் இருபது வருஷம் வரை செல்கிறது. அதற்குப் பிறகும் அது இடும் முட்டைகளில் பெரும்பகுதியை நரியும் பிற பிராணிகளும் தின்றுவிடும். பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப முட்டையிட்டால்தான், தன் இடத்துக்கு ஒரு பெண்ணை விட்டுச் செல்ல அதனால் முடியும். கடிக்கும் ஆமை என்ற மற்றோர் இனத்தைப் பற்றி 1994இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இன்னும் திடுக்கிட வைப்பது. வழக்கமான சாவுக்கு மேல், வளர்ந்த ஆமைகளில் பத்தில் ஒன்று ஆண்டுதோறும் கூடுதலாகக் கொல்லப்பட்டால், இருபது வருஷத்துக்குள் கூட்டம் பாதியாகிவிடும்.

நம் பேச்சு வழக்கில் சொல்வதானால், நூறு ஆமை உள்ள ஓடையில் ஆண்டுக்குப் பத்து ஆமை குழம்புக்குப் போனால், பிடிக்கிறவன் கண்ணுக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. போன வருஷமும் கிடைத்தது, இந்த வருஷமும் கிடைக்கிறது என்பான். அவன் பிள்ளை தலையெடுக்கும்போது பாதிதான் இருக்கும். கோழியை அறுத்தால் ஆறு மாதத்தில் வேறு கோழி வளர்ந்துவிடும். ஆமைக்கு அந்தக் கணக்கு செல்லாது. மூலத்துக்கு மருந்தென்று ஆமை இறைச்சி தேடுகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் வேறு மருந்து இருக்கிறது என்று நம் இளைஞர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் செய்தது, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் எத்திராஜ் கல்லூரியில் படித்த விஜயா என்ற பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். 1959இல் பிறந்தவர். மாணவியாயிருக்கும்போதே சென்னைப் பாம்புப் பண்ணைக்குத் தொண்டு செய்ய வந்தார். பாம்பையும் ஆமையையும் ஆராயும் துறையில் இந்தியாவின் முதற் பெண் என்று அவரைச் சொல்வார்கள். கொச்சிக் காடுகளில் பிரம்பு ஆமை என்று ஒன்று உண்டு. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ஹெண்டர்சன் 1912இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். அதன் பிறகு எழுபது வருஷம் அதைக் கண்ட விஞ்ஞானி எவரும் இல்லை. 1982இல் விஜயா சாலக்குடிக் காட்டுக்குச் சென்று, அங்கு வாழும் காடர் மக்களின் துணையோடு அதை மீண்டும் கண்டுபிடித்தார். காட்டிலே ஒரு குகையில் தங்கி, அது என்ன தின்கிறது, எங்கே ஒளிகிறது என்று நாட்கணக்காய்ப் பார்த்து எழுதினார். மாமல்லபுரம் சாலையிலுள்ள சென்னை முதலைப் பண்ணையிலும் அந்த ஆமையைப் பற்றிய வேலை தொடர்ந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுபது வருஷம் காணாமற்போன ஆமை, காடர்களுக்கு ஒருநாளும் காணாமற்போகவில்லை! அவர்களிடம் கேட்க ஒருவரும் போகவில்லை, அவ்வளவுதான். கேட்கப் போனவர் ஒரு பெண்.

விஜயா 1987இல் இளம் வயதிலேயே காலமானார். 2006ஆம் ஆண்டில், முன்னே சொன்ன பிராஷாக் என்பவரும் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகர விஞ்ஞானி ஊவே பிரிட்ஸ் முதலியோரும், பிரம்பு ஆமையின் மரபணுவை ஆராய்ந்து, அது தனிப் பேரினம் என்று கண்டு, அதற்கு விஜயாகெலிஸ் என்று பெயரிட்டார்கள். விஜயாவின் ஆமை என்பது பொருள். கோயில் கட்டிய அரசனுக்கும் கிடைக்காத ஞாபகச் சின்னம் அது. ஓர் உயிர்வகை இவ்வுலகில் உள்ளவரை, அதன் பெயரோடு அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கும்.

அதே பிராஷாக், அதே பிரிட்ஸ் முதலானோரின் ஆராய்ச்சி, நம் சப்ரகமுவத் தோட்டத்து ஓடைவரை வந்திருக்கிறது என்பதை இனிச் சொல்கிறோம்.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் நமக்குத் தெரிந்த ஆமை இரண்டு. ஒன்று கறுப்பாமை, சிங்கள மக்கள் கல் இப்பா என்பார்கள். கல்லைப்போன்ற ஓடு, முதுகிலே நெடுக மூன்று வரம்புகள். விஞ்ஞானப் பெயரிலும் அந்த மூன்றைக் குறித்திருக்கிறார்கள். மற்றது பால் ஆமை, சிங்களத்தில் கிரி இப்பா. மூக்கு நீண்டு குழல்போல் இருக்கும். ஓட்டின் மேல் தோல் போர்த்தியிருக்கும். பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு கதவு சாத்துவதுபோல் மூடிக்கொள்ள அடியிலே இரண்டு மடல்கள் உண்டு. நத்தை, தவளை, செத்த மீன், நீர்ப்பூண்டு எதையும் தின்னும். தோட்டத்து ஓடைக்குச் சம்பளமில்லாத துப்புரவுத் தொழிலாளி என்று சொன்னாலும் தகும்.

இவ்விரண்டையும் முறையாக ஆராய்ந்து எழுதியவர் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் அதிபராயிருந்தவர். இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய அவருடைய பெரு நூல் வெளிவந்ததும் 1939இலேதான். நம் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளுக்குள் இறங்கி, இல்லத்துக்கு மேலும் இல்லத்தோடும் கிடந்த எலும்புகளைத் திரட்டியவரும் அவரே. நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இந்த மண்ணில் திரிந்தன என்பதை அந்த எலும்புகள் காட்டின. இன்று அவை இந்த நாட்டில் இல்லை. நாம் மாணிக்கம் தோண்டும் இடம், அற்றுப்போன பிராணிகளின் மயானமுமாகும்.

பால் ஆமையின் கதையைக் கேளுங்கள். 1856இல் லண்டன் பொருட்காட்சிசாலையின் ஜோன் எட்வர்ட் கிரே என்பவர் இலங்கைப் பால் ஆமைக்குத் தனி இனப் பெயர் கொடுத்தார். பின்னர் வந்தவர்கள், இது இந்தியப் பால் ஆமைதான், தனி இனமன்று என்று சேர்த்துவிட்டார்கள். 2011ஆம் ஆண்டில் பிராஷாக்கும் பிரிட்ஸும் கூட்டாளிகளும் ஆசியாவின் பால் ஆமைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, இலங்கைப் பால் ஆமை தனி இனமே என்று தீர்ப்பளித்தார்கள். கிரே வைத்த பெயர் நூற்றைம்பத்தைந்து வருஷத்துக்குப் பின் உயிர் பெற்றது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அது இந்திய ஆமையாயிருந்தால், இங்கே அழிந்தாலும் இராமேசுவரத்துக்கு அக்கரையில் வேறு இருக்கிறது என்று ஆறுதல் சொல்லலாம். இப்போது அந்த ஆறுதல் இல்லை. களுகங்கையிலும் வே கங்கையிலும் சீதாவக்கை ஆற்றிலும் கிடக்கும் பால் ஆமைக்கு இந்தத் தீவைத் தவிர உலகில் வேறு ஊர் கிடையாது. தோட்டத்துத் தமிழர் நாம், எந்த ஊர் உனக்கு என்று நம்மைப் பிறர் கேட்ட காலத்தை மறக்கவில்லை. இந்த ஆமையிடம் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அது இவ்வூரது.

நம் இரண்டு ஆமைகளும் ஹாஜோ ஆமையைப்போல் விளிம்பில் நிற்பவை அல்ல. அதனால்தான் இப்போதே பேசுகிறோம். சட்டம் இருக்கிறது, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் உண்டு. ஆனால் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குச் சட்டம் தினமும் நடந்து வருமா? கரையை இடித்து ஆற்றுப் படுகையிலேயே இயந்திரம் வைத்து மாணிக்கம் தேடுகிறார்கள். தோண்டிய குழியை மூட வேண்டும் என்பது அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனை. மூடாத குழிகள் எத்தனை என்பதை வழிநடந்து போகிறவர்கள் அறிவார்கள். களைநாசினி மழையோடு கானில் இறங்கி ஓடையில் சேர்கிறது. போதாக்குறைக்குக் கடைகளில் சிவப்புக்காது ஆமை என்று அமெரிக்க ஆமைக் குஞ்சுகளை விற்கிறார்கள். குஞ்சாயிருக்கும்போது விளையாட்டுச் சாமான். பெருத்ததும் அலுத்துப்போய் ஓடையில் விடுகிறார்கள். அது நம் ஆமையின் ஆகாரத்துக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியாக வருகிறது. ஜீவகாருண்யம் என்று எண்ணி அதை ஆற்றில் விட வேண்டாம்.

மூடாத மாணிக்கக் குழி ஆமைக்கு வீடா, பொறியா? சரிந்த கரையுள்ள பழைய குழியில் நீர் நின்றால் அது நல்ல குட்டையாகலாம். செங்குத்தான குழியில் விழுந்தால் ஏற வழியில்லை. எந்தெந்தக் குழியில் ஆமை இருக்கிறது, எதில் செத்துக் கிடக்கிறது என்று மழைக்காலமும் வெயில்காலமும் பார்த்து எழுதினாலே விடை வந்துவிடும். இதற்குப் பரிசோதனைச்சாலை வேண்டாம். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களும், கான் வெட்டுகிறவர்களும், பீலிக்கரைக்குப் போகும் தாய்மாரும் பார்க்கிற அளவுக்கு எந்தப் பேராசிரியர் பார்க்க முடியும்? பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அவர்கள் கொண்டுபோய்க் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதே நம் ஆசை.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். ஓட்டில் குறி வெட்டும் வேலையில் நீங்கள் இறங்கக் கூடாது. அதற்கு வனவிலங்குத் திணைக்களத்தின் அனுமதியும் பயிற்சியும் வேண்டும். உங்கள் வேலை பார்ப்பதும் எழுதுவதும். தேதி, இடம், ஓடையா குழியா வயலா, கல்லோடா தோலோடா, நீளம் எத்தனை அங்குலம், வெயிலா மழையா, உயிருள்ளதா செத்ததா. கைத்தொலைபேசி இல்லாத இளைஞர் இன்று இல்லை. முதுகையும் வயிற்றையும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கிணற்றில் போட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். துணையில்லாமல் கிணற்றில் கிடக்கும் ஆமை முட்டையிடவும் முடியாது, வெளியேறவும் முடியாது.

கான் வெட்டும்போது மண்வெட்டியில் முட்டைகள் தட்டுப்பட்டால் அறிந்துகொள்ளுங்கள்: நீளுருண்டையாயிருந்தால் கறுப்பாமை, பந்துபோலிருந்தால் பால் ஆமை. கழுவவோ புரட்டவோ செய்யாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்தையே மேலாக வைத்து, அதே மண்ணால் மூடிவிட்டு, கானை இரண்டடி தள்ளி வெட்டுங்கள். கங்காணிமார் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறோம். செங்குத்தான குழிக்குள் ஆமை நீந்திக்கொண்டிருப்பதைக் கண்டால் நீங்கள் குழிக்குள் இறங்க வேண்டாம். சரிந்து விழும் மண் அது, மனித உயிர் பெரிது. பழைய இறப்பர் மரப் பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டி, ஒரு முனை தண்ணீரிலும் மறு முனை கரையிலுமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். ஆமை போயிருந்தால் அந்தத் தேதியையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.